லேசாகத் தூக்கிப் பிடித்தால் போதும்

பழுதோடு குடித்தனம் நடத்தும் இனம் ஒன்று நம் நடுவே உலவுகிறது, வாசகரே. ஒரு சாமான் கெட்டுப்போனால் இவர்கள் அதைச் சரிசெய்ய மாட்டார்கள். எங்கே தட்டினால் ஓடும், எந்தப் பக்கம் சாய்த்தால் நிற்கும், எப்போது மூச்சை அடக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வார்கள். கற்றதோடு விடுவார்களா? வீட்டிலிருப்பவர்களை உட்காரவைத்து வகுப்பும் எடுப்பார்கள்.

பெங்களூர் ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கும் உத்தமன் இந்த இனத்தின் திலகம். கம்ப்யூட்டர் கம்பெனியில் பிறர் வேலையில் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். அவனுடைய பழைய காரில் ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தளர்ந்து, கையை எடுத்தால் ஸ்டீயரிங் மடியை நோக்கித் தலைகுனிந்தது. வேறொருவன் என்றால் அன்றே பட்டறைக்குப் போயிருப்பான். உத்தமன் நைலான் கயிறு வாங்கிவந்தான். இழுத்துக் கட்டினான். கயிறும் தளர்ந்தபோது, வலது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டப் பழகினான்.

"மெக்கானிக்கிட்ட போனா இல்லாத கோளாறெல்லாம் சொல்வான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும், அவ்ளோதான்" என்பான். பெங்களூருக்கு வந்து அவன் கற்ற கன்னடமே, 'கொஞ்சம்' என்று பொருள்படும் அந்த 'ஸ்வல்ப' மட்டும்தான்.

தூக்கிப் பிடித்தே அவன் மணிக்கட்டு வீங்கியது. காருக்கு வைத்தியம் பார்க்காதவன் கைக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பினான். ஓட்டியவள் மனைவி கிருத்திகா. பக்கத்தில் கட்டுப்போட்ட கையோடு உத்தமன்.

"லெஃப்ட்ல திருப்புறப்ப லேசா மேல தூக்கு. ரோட்டுல ஹம்ப் மேடு வந்தா முழங்காலால முட்டுக்கொடு."

"அப்ப பிரேக்கை எதால மிதிக்கிறது?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி!"

கேள்விக்கு ஹம்ப்பே பதில் சொன்னது. வண்டி குதித்தது, கயிறு நழுவியது, தண்டோடு ஸ்டீயரிங் கிருத்திகாவின் தொடைமேல் இறங்கி இரண்டு கால்களையும் அமுக்கிக்கொண்டது. ஹாரன் அலறியது. எதிரே தண்ணீர் லாரியின் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

"தூக்கு! தூக்கு!" என்று கத்தினான் உத்தமன். தன் அருகிலேயே இருந்த ஹேண்ட்பிரேக் அவன் கண்ணில் படவில்லை. கிருத்திகாதான் அதைப் பிடித்து இழுத்தாள். கார் முனகிக்கொண்டு நின்றது. லாரிக்கும் அதற்கும் நடுவே ஒரு பூனைகூட நுழைந்திருக்க முடியாது.

உத்தமன் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "நான் சொன்ன மாதிரி நீ பிடிக்கல. நான் ஓட்டினப்ப என்னிக்காவது விழுந்திருக்கா?"

அவள் காரிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இறங்குங்க."

"டாக்டர்கிட்ட போகணுமே…"

"ஆட்டோல போங்க. வண்டியை நான் பாத்துக்கறேன்."

அவன் டாக்டரிடம் போனான். கார் இழுவை வண்டியில் பட்டறைக்குப் போனது. டாக்டரிடம் டோக்கன் வரிசை நகர்வதற்குள் காரின் வேலை முடிந்துவிட்டது. தண்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் கழன்றிருந்தன. புதிதாகப் போட்டு முறுக்கினார்கள். ஒரு வருடக் கலை, ஒரு ஸ்பானருக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

மாலையில் அவளிடம் சாவியை வாங்கி, வாசலில் நின்ற காரில் உட்கார்ந்து உத்தமன் ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. அவன் முகம் வாடியது.

"என்ன இது, கையில ஒண்ணுமே தெரியலையே! வண்டியோட ஃபீலையே கெடுத்துட்டாங்க."

"ஃபீல் வேணும்னா பஸ்ல தொங்கிட்டுப் போங்க" என்று கையை நீட்டினாள் கிருத்திகா. சாவி அவள் கைப்பைக்குள் போனது. அன்றிலிருந்து அவள் ஓட்டுகிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வேலையற்றுப்போன வலது கையைத் தடவிக்கொண்டு, "முன்ன இதை ஓட்ட ஒரு திறமை வேணும்" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்கிறான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி குளியலறைக்குப் போனபோது, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "தாழ்ப்பாளைக் கொஞ்சம் மேலே தூக்கி, உள்பக்கமா ஒரு அழுத்து அழுத்துங்க… இல்லை, அப்படி இல்லை!" என்று கத்திக்கொண்டிருந்தது யார்?