சாவி வேண்டாதவர்

சாவி வேண்டாதவர் என்றொரு இனம் உண்டு. பயப்படாதீர்கள், கடிக்காது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு பாட்டில் மூடி முரண்டு பிடிக்கட்டும். எங்கிருந்தோ ஒரு கை நீளும், "இப்படிக் குடுங்க" என்று ஒரு குரல் வரும். அவர்தான். புது அலமாரியோடு வந்த விளக்கத்தாளைப் படிக்காமலே மடித்து, ஆடுகிற நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அலமாரியை நிறுத்தி முடித்து, மிஞ்சிப்போன திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "கம்பெனிக்காரன் தாராளமா குடுத்திருக்கான்" என்பார். யாரிடமும் வழி கேட்க மாட்டார். ஒரே பெட்ரோல் பங்க்கைத் திரும்பத் திரும்பக் கடக்கும்போது, "இந்த ஊர்ல எல்லா பங்க்கும் ஒரே மாதிரி இருக்குல்ல?" என்று வியப்பார்.

காரியத்தைத் தொடங்கும்போது, "இதுல என்ன இருக்கு?" நடுவில், "கிட்ட வந்துட்டேன்." முடிவில், "டிசைனே தப்பு." ஆயுள் முழுக்க இந்த மூன்று வாக்கியங்களை வைத்தே அவர் ஓட்டிவிடுவார்.

பெரும்பாலோர் இதை இலவசமாகச் செய்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் டிக்கெட் போட்டுச் செய்கிறார்.

மேடையில் அவர் பெயர் வழுக்கல் மன்னர். சங்கிலி, பெட்டி, சாக்கு, எதில் போட்டுப் பூட்டினாலும் திரைக்குப் பின்னால் சற்று முனகிவிட்டு, தலை கலைந்து, வியர்வை வழிய, கைகளை விரித்தபடி வெளியே வருவார். வீட்டிலும் இதே கதைதான். சாவி சட்டைப் பையிலேயே இருக்கும். வாசல் கதவைக் கம்பியால்தான் திறப்பார். மழையில் நனைந்துகொண்டே திறப்பார். பின்னால் அவர் மனைவி காய்கறிப் பையோடு நனைந்துகொண்டு நிற்பார். நான் சன்னல் வழியே இதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என் வீட்டுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.

பார்க்க வருபவர் எந்தப் பூட்டை நீட்டினாலும் மறுக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் தர்மம். ஓய்வுபெற்ற இரும்புக் கடைக்காரர் ஒருவர் ஒரு கைவிலங்கைக் கொண்டுவந்து, "சனிக்கிழமை ஷோவுல இதைத் திறங்க பார்க்கலாம்" என்று கொடுத்துவிட்டுப் போனார். சாவியோடுதான் கொடுத்தார், பாவம், நல்ல மனிதர். எந்த நாட்டுச் சரக்கோ தெரியாது. கம்பியை உள்ளே விட்டால் எதிலும் தடுக்காமல், எதையும் பிடிக்காமல், வெண்ணெய்க்குள் போனது போலப் போய்ச் சும்மா சுற்றியது. மன்னர் இப்படி ஒரு பூட்டைக் கண்டதில்லை.

அதற்காக விட்டுவிடுவாரா? மறுநாள் காலை ஒரு வளையத்தைத் தன் வலது கையில் மாட்டிக்கொண்டார். இன்னொன்றை, பக்கத்தில் கிடைத்த கையில் மாட்டினார். பக்கத்தில் கிடைத்தது மனைவியின் இடது கை. அந்த அம்மாள் அப்போது தலை வாரிக்கொண்டிருந்தார். துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றில், புகார் பிரிவில், தொலைபேசியில் பேசும் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு இத்தனை வருடம் கழித்து மனுப் போட்டதில், கூப்பிட்டது இந்த ஒரே கம்பெனிதான்.

"ஏங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? நான் இன்டர்வியூவுக்குப் போகணும்!"

"ரெண்டே நிமிஷம்மா. இதுல என்ன இருக்கு?"

"சாவி இதோ மேசை மேலயே இருக்கு."

"அதைத் தொட்டுடாதே. தொட்டா எனக்குச் சோறு இறங்காது."

"உங்களுக்குச் சோறு இறங்காம நான் பார்த்ததே இல்லை" என்றார் அம்மாள். ஆனாலும் இளகிய மனசு. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை கெடு கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் மன்னர், "கிட்ட வந்துட்டேன்" என்றார். பஸ்ஸில் இன்னும் கிட்ட வந்தார். கம்பெனி வாசலில் பொறுமை தீர்ந்து அம்மாள் கைப்பைக்குள் கையை விட்டார். பெண்களின் கைப்பையில் ஒற்றைக் கையால் ஒரு பொருளைத் தேடி எடுப்பது மன்னரின் வித்தைகளைவிடக் கடினமானது. அதற்குள் உள்ளே அழைத்துவிட்டார்கள்.

மேலாளரும் பொறியாளரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவர்?" என்றார் மேலாளர்.

"வீட்டுக்காரர். கண்டுக்காதீங்க சார்."

மேலாளர் கண்டுகொள்ளாமல் இருக்கப் பெருமுயற்சி செய்தார். "எங்களைக் கூப்பிடறவங்க முக்காவாசிப் பேர் மெஷினைத் தானே கழட்டிப் போட்டுட்டுத்தான் கூப்பிடுவாங்க. அவங்ககிட்ட பொறுமையாப் பேசணும். முன் அனுபவம் உண்டா?"

அம்மாள் இடது கையை உயர்த்தினார். கூடவே மன்னரின் வலது கையும் உயர்ந்தது.

வேலை அந்த நிமிடமே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் மேலாளரின் கண் பூட்டின் மேல் விழுந்துவிட்டது.

"இப்படிக் குடுங்க."

"சார், இது ஸ்பிரிங் வகை" என்று பொறியாளர் ஸ்க்ரூடிரைவரோடு எழுந்தார். "இதுல என்ன இருக்கு?"

கதவிடுக்கில் எட்டிப் பார்த்த புகார் பிரிவு முழுவதும், காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. தட்டு என்றது ஒரு குரல். எண்ணெய் விடு என்றது இன்னொன்று. அம்மாள் இரவெல்லாம் மனப்பாடம் செய்த பதில்கள் அப்படியே நாக்கில் நின்றன. கேள்வி கேட்க ஆளில்லை.

"சார், சாவி என்கிட்டதான் இருக்கு. திறந்துட்டுப் பேசலாமே?"

"ஐயோ, சாவியா! காரியத்தைக் கெடுத்துடாதீங்கம்மா" என்றார் மேலாளர். "கையில மாட்டிப் பார்த்தாத்தான் இதோட போக்கு புரியும்."

அம்மாள் கைப்பையை மேசையில் கவிழ்த்து, சாவியைப் பொறுக்கி, தன் கையை விடுவித்துக்கொண்டார். ஒருவரும் கவனிக்கவில்லை. காலி வளையத்தில் மேலாளர் தானாகவே இடது கையை நுழைத்து அழுத்தினார். 'கிளிக்.' மன்னர் அவரைச் சகோதரனைப் போலப் பார்த்தார்.

வெளியே தொலைபேசிகள் அலறிக்கொண்டிருந்தன. வந்த வேலை கைநழுவிப் போகிறதே என்ற எரிச்சலில் அம்மாள் போய் ஒன்றை எடுத்தார்.

"தண்ணி இறங்க மாட்டேங்குதுங்க" என்றது ஒரு பெண் குரல். "எங்க வீட்டுக்காரர் பின்பக்கத்தைக் கழட்டி வச்சுட்டு, கிட்ட வந்துட்டேங்கறார்."

"முதல்ல அவர் கையில இருக்கறதைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

"வைக்க மாட்டேங்கறாரே!"

"சாப்பாடு ஆறிப்போகுதுன்னு சொல்லிப் பாருங்க."

மறுமுனையில் எதையோ தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. "வச்சுட்டார்ங்க! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"பழக்கம்தாம்மா. இப்போ அந்தக் குழாய் மடிஞ்சிருக்கான்னு பாருங்க."

மடிந்துதான் இருந்தது. அடுத்த தொலைபேசி, அதற்கடுத்தது என்று, கூடத்தில் சத்தம் அடங்கும்வரை அம்மாள் எடுத்துக்கொண்டே இருந்தார். சத்தம் அடங்கிய பிறகுதான் மேலாளர் தலை தூக்கினார். யார் பேசினார்கள் என்று கேட்டார். சொன்னார்கள். மீதமிருந்த கையால் நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அம்மாள் சாவியை அவர்கள் மூக்குக்கு நேரே மேசையில் வைத்தார். "ஏங்க, நான் கிளம்பறேன். வேணும்னா எடுத்துக்கங்க."

"கிட்ட வந்துட்டோம்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

சனிக்கிழமை மேடையில் மன்னரோடு ஒரு மேலாளரும் ஏறினார். கைதட்டல் பிரமாதம்.

அது கிடக்கட்டும். கொஞ்ச நேரமாக உங்களுக்குள் என்னவோ ஓடுகிறதே? கம்பி சும்மா சுற்றுகிறது என்றால் நுனியை லேசாக வளைத்து, எதிர்ப்பக்கமாகத் திருப்பி, அடியில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால்... இவ்வளவுதானே, இதில் என்ன இருக்கிறது, என்னிடம் கொடுத்திருந்தால்... சாவி மேசைமேல் இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன்?

சரி, நீட்டுங்கள். வலது கையா, இடது கையா?