தடுப்பூசி பிரிட்ஜில் தோசை மாவு

சுகாதார ஆலோசனைக் குழுவின் ஜீப் வாசலில் வந்து நின்றபோது, கம்பவுண்டர் ஜெயராமன் தடுப்பூசி பிரிட்ஜிலிருந்து தோசை மாவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை. பூந்தமல்லியைத் தாண்டி இருந்த அந்தச் சுகாதார நிலையத்தில் பிரிட்ஜ் உண்டு, ஜெயராமன் வீட்டில் கிடையாது. மாவு புளித்துவிடுமே என்று மனைவி வசந்தகுமாரி தூக்குவாளியைக் கையில் திணித்து அனுப்பியிருந்தாள். அந்த பிரிட்ஜில் தடுப்பூசி தவிர ஈ எறும்புகூட நுழையக் கூடாது என்று சர்க்காருக்கு யோசனை சொன்னதோ இதே குழுதான்.

"மேஜைக்கு அடியில தள்ளும்மா" என்றார், தினக்கூலி ஆயா வேம்புலியம்மாளிடம்.

"பொங்கிகினா இன்னா சார் பண்றது?"

"அதுக்குள்ள போயிடுவாங்க."

எங்கே போனார்கள்? குழுத் தலைவர் டாக்டர் ராஜசேகரன் பிரிட்ஜைப் பார்த்து மெச்சிவிட்டு, அதே மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"சூடு பட்டா மருந்து செத்துடும். செத்த மருந்தைக் குழந்தைக்குப் போடறது துரோகம்."

ஜெயராமன் தலையாட்டினார். அடியில் மாவுக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. மூடியைக் காலால் அழுத்தினார். அழுத்த அழுத்த, மாவு பக்கத்தில் வழிந்து டாக்டரின் ஷூ வரை போய்விட்டது.

"என்னய்யா இது?"

"மாவுக்கட்டு போடற மாவு, சார்."

டாக்டர் குனிந்து முகர்ந்தார். "வெந்தயம் போட்டா கட்டுவீங்க?"

"ஆயாவோடது, சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாளையிலேருந்து ஆயா வர வேண்டாம்."

வேம்புலியம்மாள் துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தாள். ஊசிக்குக் குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெயராமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தூ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது.

"பொய் சொல்லிட்டேன் சார். மாவு என்னுது. பிரிட்ஜுலதான் வெச்சிருந்தேன். ஆயாவை விட்டுடுங்க."

"பச்சைக் குழந்தைங்க மருந்து இருக்கிற இடம்யா. வெட்கமா இல்லை?"

"இருக்கு சார்" என்றார் ஜெயராமன். நிஜமாகவே இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

சஸ்பென்ஷனுக்கு எழுத டாக்டர் பேனாவைத் திறந்தார். ஜீப் டிரைவர் துலுக்கானம், தண்ணீர் சொட்டும் பையோடு உள்ளே வந்தான்.

"ஐயா, செம்பரம்பாக்கத்துல நீங்க வாங்கின மீனு நாற ஆரம்பிச்சிட்ச்சு. இங்க பிரிட்ஜுல வெச்சிடட்டா, இல்ல எப்பவும் போல அடுத்த சென்டர்ல வெக்கவா?"