பன்னிரண்டு பவுண்டு காற்றும் என் வயிறும்

ஆரியசாலை,
செவ்வாய்க்கிழமை

நாகர்கோவில் மச்சான் அழகியநம்பி அவர்களுக்கு, டயர்க்கடை நயினார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம், உங்கள் தங்கை பொன்னம்மை சுகம், என் பித்தப்பையில் உள்ள நாலு கல்லும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் கல்லும் எப்படி?

நேற்று ஆபரேஷனுக்குப் பச்சை அங்கி மாட்டிப் படுத்திருந்தேன். மயக்கம் கொடுக்கிற டாக்டர் ஷிஜா வந்து, சின்னத் துளை போட்டு வயிற்றில் கேஸ் நிரப்புவோம், அந்த அழுத்தத்தில் கிட்னிக்கும் ஈரலுக்கும் போகிற ரத்தம் கொஞ்சம் குறையும் என்றார். எவ்வளவு ஏற்றுவீர்கள் என்றேன். "பன்னிரண்டு" என்றார், சிரித்துக்கொண்டே. முப்பது வருஷமாகக் காற்றடிக்கிறவனிடம் பன்னிரண்டு பவுண்டா! கார் டயருக்கு முப்பது பவுண்டு, சரி, அதில் ரப்பர் இருக்கிறது, கம்பி இருக்கிறது, என் வயிற்றில் என்ன இருக்கிறது, உங்கள் தங்கை சுட்ட தோசைதானே? பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு அங்கியோடு ஆட்டோ ஏறிவிட்டேன். டிரைவர் சஜி "டாக்டர் சாரே, எங்கோட்டா?" என்று பவ்யமாகக் கேட்டான். இறங்கி நான் திரும்பியதும் பவ்யம் போய்விட்டது, அங்கிக்குப் பின்பக்கம் வெறும் நாடாதான். கடைக்குள் ஓடி, டயர் மாட்டாத ஸ்கூட்டர் டியூபில் காற்றேற்றிப் பார்த்தேன். கேஜ் முள் ஐந்தைத் தொடுமுன் வெடித்தது. பயந்துபோனேன் மச்சான், சொல்ல வெட்கமில்லை. வலி வந்தால் சுவரைப் பிராண்டுகிறேன், ஆனாலும் வெடிக்க மாட்டேன். உங்கள் கல்லையும் யாரையும் தொடவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

நயினார்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் டாக்டர் ஷிஜாவே ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கக் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, அந்தப் பன்னிரண்டு, ரத்தப் பிரஷர் பார்க்கிற மிஷின் கணக்காக்கும். உங்க கேஜில கால் பவுண்டுகூட வராது. கேஸை எடுத்ததும் ரத்தம் பழையபடி ஓடும். அதுவரை நான் பக்கத்துலயே நோக்கிட்டு நிப்பேன், பேடிக்கண்டா, பயமே வேண்டாம்" என்றார். பொன்னம்மை அதே ஸ்கூட்டரில் என்னை ஏற்றிவிட்டாள். ஆபரேஷன் முடிந்து நாலு நாளாயிற்று. கல்லெல்லாம் பாட்டிலில் இருக்கிறது. மிச்சக் கேஸால் வலது தோள்தான் குத்துகிறது. எங்கே காற்று இறங்குகிறது என்று ஆயுசெல்லாம் பதறியவன், இப்போது எப்போது இறங்கும் என்று காத்துக்கிடக்கிறேன்.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு உடனே புறப்படுங்கள். திங்கட்கிழமைக்கு உங்களுக்குப் பெட் சொல்லியாயிற்று. அங்கியோடு ஓட நினைக்காதீர்கள், வாசலில் உங்கள் தங்கை நிற்பாள், ஆட்டோ சஜியிடமும் சொல்லிவைத்திருக்கிறாள்.