பெண் பார்க்க வந்தவர்களின் ஆடு

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை

மேலப்பாளையத்தில் இருக்கும் என் மரியாதைக்குரிய பெரிய மச்சான் நசீர் அவர்களுக்கு, மௌத்தாகிப்போன உங்கள் தம்பி நாகூர் கனியின் பொஞ்சாதி ஷரீஃபுன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் மகள் மெஹக்கும் இங்கே சுகம். உங்கள் சர்க்கரையும் உங்கள் வீட்டு லாத்தாவின் முட்டுவலியும் இறங்கியிருக்க துஆ செய்கிறேன். நான் அஞ்சாங் கிளாஸ்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "உம்" போடுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் குறுக்கே வர முடியாது பாருங்கள், அதனால்தான்.

"ஜுவாலஜியாம் ஜுவாலஜி! பொட்டப்புள்ளைக்கு எதுக்கு பூச்சியும் புழுவும்? முத வருசத்தோட நிறுத்து, மாப்பிள்ளை அனுப்புறேன்" என்றீர்கள். நீங்கள் சொன்னால் சரிதான் மச்சான். அந்தப் படிப்பால் நான் படுகிற பாடு கொஞ்சமா? எங்கள் வரிசை முழுக்கக் கரப்பானுக்கு மருந்து அடித்த அன்றைக்கு, என் மகள் மட்டும் இரண்டைக் காப்பாற்றி ஊறுகாய் பாட்டிலில் குடிவைத்தாள். காலேஜில் இப்போது எதையும் அறுக்கிறதில்லையாம், படத்தில்தான் காட்டுகிறார்களாம், அதனால் வீட்டில் உயிரோடு பார்க்க வேண்டுமாம். ஊறுகாய் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மாரீஸ்வரி தானாகவே எடுத்துத் திறந்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் சயான் ஸ்டேஷனில் ரயில் நின்றிருக்கும். மறுநாள் அவளே ஒரு நோஞ்சான் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்து, "டாக்டரம்மா இருக்காவளா?" என்கிறாள்.

"இது வைத்தியப் படிப்பு இல்லக்கா. உயிருங்க எப்படி இருக்குன்னு பாக்குற படிப்பு" என்றாள் மெஹக்.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு எழுதுவோம்."

"அப்போ என் சேவல் செத்தா நல்லா எழுதுவே, இல்ல?"

அவர் மௌத்துக்கு அப்புறம் இத்தாவில் நான் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்தபோது எனக்குத் துணை அந்தப் பாடம்தான். நீங்கள் மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கையோடு ரயிலேறிவிட்டீர்கள், டிக்கெட் கிடைப்பது கஷ்டம், எனக்குத் தெரியாதா? அவள் சத்தம் போட்டுப் படிப்பாள், நான் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்பேன். கரப்பானுக்கு இதயத்தில் பதின்மூன்று அறையாம். உங்கள் தம்பிக்கு நாலே நாலு. அந்தப் பதின்மூன்றில் ஒன்றை இவருக்குக் கொடுத்திருந்தால் கரப்பானுக்கு என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டாள். தலை போனாலும் கரப்பான் ஒரு வாரம் நடமாடுமாம். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை மச்சான், நம் குடும்பத்து ஆண்பிள்ளைகளை இருபது வருஷமாகப் பார்க்கிறேனே. உங்களைச் சொல்லவில்லை.

இப்போது மாப்பிள்ளை விஷயம். போன ஞாயிறு கோபர்கைரனேயிலிருந்து டெம்போவில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை அஸாருதீன், அவர் உம்மா, அப்புறம் ஒரு ஆடு. மெஹக் ஆடுமாடு டாக்டருக்குப் படிக்கிறாள் என்று நீங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பக்ரீத்துக்கு வாங்கின ஆட்டையும் அப்படியே காட்டிவிடலாம் என்று ஏற்றி வந்துவிட்டார்கள், ஒரே வாடகையில் இரண்டு காரியம். மாப்பிள்ளை உட்கார்ந்ததிலிருந்து ஆட்டுப் புராணம்தான். எடை, உயரம், காது நீளம், சந்தையில் தாமே பொறுக்கி எடுத்தது. என் மகளைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி, "பிரியாணி வருமா?" ஆடாவது அவள் துப்பட்டாவை ஆசையோடு பார்த்தது.

"ரெண்டு நாளா தீனி எடுக்கல்ல, கொஞ்சம் பாரும்மா" என்றார் அந்த மாமி. எனக்கு வைத்தியம் தெரியாது என்று மெஹக் சொல்லிப் பார்த்தாள், விடவில்லை. வருஷா வருஷம் வாப்பாவோடு ஆடு வாங்கப் போனவள் அல்லவா, கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தாள்.

"மாமி, எல்லாமே பால்பல்லு. ரெண்டு விழுந்து பெரிய பல்லு வந்தாத்தான் ஒரு வயசு. இது குர்பானிக்கு ஆகாது. புது இடத்துல மிரண்டு நிக்குது, அதான் தின்னல்ல."

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "ஏய், வியாபாரி அல்லாஹ் மேல கஸம் போட்டுச் சொன்னானே!"

"நீங்க வாயைத் தொறந்து பாத்தீங்களா?"

"நான்... ஹைட் பாத்தேன்."

"பொண்ணு பாக்க வந்தா எங்க ஆட்டுக்குப் பல்லு பாக்குதே! நாளைக்கு எனக்கும் பாக்கும்!" என்றார் மாமி.

"உங்க வயசு பாத்தாலே தெரியுது மாமி, பல்லு வேண்டாம்" என்றாள் மெஹக்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொண்டுவந்த மிட்டாய் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நம்மவர்கள் குர்பானி ஆட்டுக்குக்கூடப் பல் முளைக்கட்டும் என்று பொறுக்கிறார்கள் மச்சான். என் மகளுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று மாசம் ஆகிறது.

ஆனாலும் பெரியவர் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். படிப்பை நிறுத்திவிடுகிறேன். பாட்டிலும் காலியாகும், ஊறுகாய் போடலாம். லாத்தாவுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும், எங்கள் வீட்டுக் காரியத்திலிருந்து கொஞ்சம் ஓய்வும் தருவானாக.

இப்படிக்கு,
ஷரீஃபுன்னிசா

பின்குறிப்பு: நிறுத்துகிறேன் என்று மேலே எழுதியதை நம்பிவிடாதீர்கள், எழுதினால் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன், நன்றாக இல்லை. இரண்டாம் வருஷ ஃபாரத்தில் கார்டியன் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். போன வருஷம் அந்த இடத்தில் உங்கள் தம்பி போட்டார். "பெரியவாப்பாவுக்கு அனுப்பணுமா உம்மா?" என்று மெஹக் கேட்டாள். நேற்று காலேஜுக்குப் போய் நானே போட்டுவிட்டேன். என் பெயர் நீளமா, கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கிளார்க் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.