நாய்க்கு ஏது புரட்டாசி?

"தீனி எங்க போவுதுன்னு தெரியணும்னா தொட்டிய பாக்காதடா" என்று எங்கள் பெரியப்பா பொன்னுரங்கம் சொல்வார். மாட்டுக் கொட்டகையில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, தவிடு கரைக்கிற ஆளிடம் சொல்வார். தொட்டியை விட்டுவிட்டு வேறு எதையோ பார்க்கச் சொல்வார். அது எது என்று எனக்கு மறந்துவிட்டது. எதையும் பாதிதான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். கல்யாணத்தன்று ஐயர் சொன்னதிலும் பாதிதான் நினைவிருக்கிறது. மீதியை என் மனைவி நினைவு வைத்திருக்கிறாள்.

நான் சிவசங்கர். புனேயில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு பிஸ்கட் தின்றேன். நாற்பத்தெட்டாவது வயதில் என் நாக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு இயந்திரத்தை வைத்தார்கள். கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினேன்.

திரும்பி வந்து பார்த்தால், வீட்டில் எல்லா இலாகாவுக்கும் அமைச்சர் இருந்தார். எல்லா அமைச்சரும் ஒரே ஆள். என் மனைவி செந்தமிழ்ச்செல்வி. கரும்பு வெட்டுக்கு ஆலையில் ஆர்டர் வாங்குவது, கேஸ் சிலிண்டர் பதிவது, பேங்குக்குப் போவது, கிணற்று மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டக் கொடுப்பது எல்லாம் அவள்தான். நான் குழாயை மூடினால் பின்னாலேயே வந்து இன்னொரு முறை மூடுவாள். ஒருநாள் பால்காரருக்குக் கதவைத் திறந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வூட்ல யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. எனக்கென்று ஒரே ஒரு இலாகா வேண்டும். சின்னதாக இருந்தால் போதும். பெரியதற்கு உடம்பில் தெம்பும் இல்லை.

ஆவணிக் கடைசியில் அது வந்தது. கல்வராயன் மலையிலிருந்து சாமையும் கடுக்காயும் கொண்டுவந்து கொடுக்கிற இருசம்மாள், அன்றைக்குக் கூடையின் நடுவில் ஒரு நாய்க்குட்டியையும் வைத்துக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் சுருக்கம். கூடையிலிருந்த மற்ற கடுக்காய்களுக்கு வால் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். செல்வி அதற்குக் கடுக்கா என்றே பேர் வைத்தாள்.

நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"செல்வி. இந்தக் குட்டியோட சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்க முழுக்க என்னோடது."

"எடுத்துக்குங்க" என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டுக் கொடுத்ததில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் கடைவீதிக்குப் போய், மூன்று விதமான நாய்த்தீனியோடு திரும்பினேன். மூட்டையிலிருந்து அள்ளித் தரும் உதிரிச் சரக்கு ஒன்று. நடுத்தர விலையில் ஒரு பாக்கெட். வெளிநாட்டுப் பாக்கெட்டின் சிறிய மாதிரி ஒன்று. பெரிய பாக்கெட் என்ன விலை என்று கேட்டதற்குக் கடைக்காரர் ஒரு எண் சொன்னார். அவருடைய போன் நம்பர் என்று நினைத்து எழுதிக்கொண்டேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நடுத்தரப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இன்னா போட்டிருக்காங்களாம்?"

"மக்காச்சோளம். கோதுமைத் தவிடு. சோயாப் புண்ணாக்கு…"

"மாட்டுத்தீனிங்களா?"

"நாய்த்தீனி. எது அதிகமோ அத மொதல்ல எழுதுவாங்க. அதான் சட்டம். கோழியும் இருக்கு."

"எங்க?"

"மேல படத்துல பெருசா இருக்கு பாரு. உள்ள… ஆறாவது எடத்துல."

"ஆறாவதா கெளம்புன கோழி எப்பங்க வந்து சேரும்?" உதிரிச் சரக்கில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "இது இன்னா, செவப்பு, பச்ச, மஞ்சன்னு திருவிழா மாதிரி? நாய்க்கு இந்தக் கலருலாம் சரியா தெரியாதுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப சாயம் நாய்க்கு இல்ல. வாங்கிக்கினு வர்ற ஆளுக்கு."

வெளிநாட்டுப் பாக்கெட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதை வாங்கிப் போட்டால், நாய் சாப்பிடுவதை நாங்கள் பட்டினியோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மாவுக்கு எங்கள் பெண் வயதுதான் இருக்கும். எடை போட்டார். ஒன்றரைக் கிலோகூட இல்லை.

"பாக்கெட்டே வேணும்னு இல்லைங்க. வீட்டுச் சாப்பாடே குடுக்கலாம். சோறு, கேழ்வரகு, தயிர், பூசணிக்காய். அதோட புரதம் வேணும். வேகவச்ச முட்டை, கோழி. உப்பு, காரம், வெங்காயம் மட்டும் கூடவே கூடாது. நாலு வேளையா பிரிச்சு வைங்க. நாலு வாரத்துல மூணு கிலோ தாண்டணும்."

வெளியே வந்ததும் செல்வி சொன்னாள்: "மூணு கிலோ தாண்டலன்னா, தீனி என் கைக்கு வந்துரும். சரிங்களா?"

"தாண்டும்" என்றேன். என் ஒரே இலாகா ஒன்றரைக் கிலோவில் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா சொன்ன அத்தனையிலும் என் காதில் தங்கியது ஒரு சொல். முட்டை.

அன்று புரட்டாசி மூன்றாம் தேதி. எங்கள் வகையறாவில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. வாசனைகூட வாசல்படி தாண்டக் கூடாது. பெரியப்பாவின் சட்டம் அது. புனேயில் இருந்த காலத்தில் எனக்கு இந்தத் தொந்தரவு இல்லை. பெருமாளுக்கு என் புனே முகவரி தெரியாது. இங்கே தெரியும். மூன்று நாளில் கத்தரிக்காய், அவரைக்காய், மறுபடியும் கத்தரிக்காய் என்று வந்திருந்தோம். இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்?

"செல்வி, ஒரு விஞ்ஞானப் பிரச்சினை."

"சொல்லுங்க."

"குட்டிக்கு முட்டை குடுத்தாவணும்."

"குடுங்க."

"புரட்டாசி ஆச்சே?"

"நாய்க்கு ஏதுங்க புரட்டாசி?" என்றாள். "ஆனா அடுப்பங்கரையில வேணாம். பின்னால மோட்டாரு கொட்டாயில தனி அடுப்பு, தனி சட்டி வச்சிக்குங்க. நீங்களே வேவ வச்சி, நீங்களே போட்டு, நீங்களே கழுவி வையிங்க. முடிச்சதும் தலையோட குளிச்சிட்டுதான் உள்ள வரணும்."

"ஒவ்வொரு வேளையுமா?"

"பெருமாளு ஒவ்வொரு வேளையும் பாத்துக்கினுதான இருக்காரு."

ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் எல்லாம் நேர்மையாகத்தான் நடந்தது. மூன்று முட்டை வேகவைத்து, சோற்றோடு மசித்து, உப்பில்லாமல் வைத்தேன். கடுக்கா வந்தது. மோந்தது. அரை முட்டை அளவு தின்றது. மீதியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. ஒரு ஏப்பம் விட்டுப் படுத்துவிட்டது.

பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் உணவு வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். உணவை வீணாக்குவது பாவம். புரட்டாசி மாதத்தில் பாவம் செய்யக் கூடாது. இப்படி யோசித்து, மறுநாள் முட்டையை மசிக்காமல் தனியாக வைத்தேன். குட்டி தின்றது போக மீதியை நான் சாப்பிட்டேன். தரம் நன்றாக இருந்தது.

இரண்டாவது வாரத்தில், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒரு பொட்டலம் முளைத்தது. மிளகுத்தூளும் உப்பும். மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் கோழி ஈரல் சேர்ந்தது. குட்டியின் கண் பார்வைக்கு.

ஒரே கஷ்டம், குளியல். ஒரு வேளைக்குத் தயிர்சோறு போதும். மீதி மூன்று வேளைச் சமையல், மூன்று தலைக்குளியல். ஈரத் தலையோடு நான் பின்வாசலில் ஏறுவதைப் பக்கத்து வீட்டு அம்சவள்ளி சுவருக்கு மேலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்விக்கா, உங்க வூட்டுக்காரரு மூணு வேளையும் குளிக்கறாரே! எங்க வூட்டுது வாரத்துக்கே மூணுதான்."

"அவருக்குப் பக்தி ஜாஸ்திடி" என்றாள் செல்வி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

இந்தச் செய்தி தெருவில் கிளம்பி, பஸ் ஏறி, ரிஷிவந்தியத்தில் இருக்கிற பெரியப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் போன் செய்தார். குரல் தழுதழுத்தது. "டேய் சங்கரு, வடக்க போயி கெட்டுட்டன்னு நெனச்சேன்டா. இந்த வருசம் கடைசிச் சனிக்கெழம பெருமாளுக்குப் படைக்கிற தளிகை உன் வூட்லதான். கோயிந்தா சொம்ப நீதான் தூக்கணும்."

போனை வைத்தேன். அன்று மதியம் ஒரு முட்டையைக் குறைத்தேன்.

இதற்கிடையில் ஒரு சின்னச் சலசலப்பு.

"என்னாங்க, மொளகு டப்பா கம்மியா இருக்கே?"

"எனக்குச் சளி. தினம் மூணு வாட்டி குளிக்கறேன் இல்ல?"

"ஆமாங்க, பாவம்" என்றாள். என் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சளி புடிச்சும் ஒடம்பு நல்லாதான் தேறிக்கினு வருது."

நாலு வாரம் முடியப்போகிற நேரம். கடைசிச் சனிக்கு முந்தின நாள், கடுக்காவை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் குட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டே வந்தேன். குட்டியின் பங்கு எங்கே போனது என்று எனக்கல்லவா தெரியும்! தராசில் வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூணு கிலோ நானூறு!" என்றார் டாக்டரம்மா. "சூப்பர் சார்! இன்னா குடுத்தீங்க?"

எனக்கே ஆச்சரியம். ஆனால் மனிதன் புகழுக்கு முன்னால் விசாரணை நடத்துவதில்லை. முட்டையின் புரதம், ஈரலின் இரும்புச்சத்து, நேர ஒழுங்கு என்று பத்து நிமிடம் பேசினேன். "எல்லாம் அவருதாங்க" என்றாள் செல்வி. ஊசி போட வந்து நின்ற ஆடுகள்கூடக் கேட்டுக்கொண்டிருந்தன. ஏழு மாதத்தில் முதல் தடவையாக வீட்டுக்கு நிமிர்ந்து நடந்தேன்.

சனிக்கிழமை. நாமம் போட்டுக்கொண்டு, சொம்பு தூக்கி, நாலு தெரு சுற்றிக் கோவிந்தா போட்டு அரிசி வாங்கிவந்தேன். படையல் முடிந்தது. பெரியப்பாவும் நானும் இலையில் உட்கார்ந்தோம். செல்வி பரிமாறினாள். கடுக்கா தத்தித் தத்தி வந்து என் மடியில் ஏறிக்கொண்டது.

பெரியப்பா குட்டியைப் பார்த்தார். அதன் முதுகைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். மாடு வாங்க வந்தவர் பார்ப்பதுபோல, கழுத்திலிருந்து வயிறுவரை பார்த்தார்.

"இன்னாடா இது? புரட்டாசி முடியறப்போ ஊருல அவன் அவன் எளச்சி, கண்ணு உள்ள போயி கெடக்கறான். நீ மட்டும் பளபளன்னு இருக்கற?"

"குளியல், பெரியப்பா."

"தீனி எங்க போவுதுன்னு தெரியணும்னா தொட்டிய பாக்காத, தோலப் பாருன்னு சொல்லுவேன். தோலு பொய் சொல்லாது."

எனக்கு மறந்துபோன பாதி அதுதான். ஒரு மாதம் முன்னாலேயே ஞாபகம் வந்திருக்கலாம்.

பெரியப்பா விடவில்லை. "இங்க ரெண்டு தோலு மினுக்குது. வச்சது ஒரு தொட்டி. எப்பிடிம்மா செல்வி?"

செல்வி என் இலையில் சாம்பாரை ஊற்றினாள்.

"தொட்டி ரெண்டு, மாமா" என்றாள்.

பெரியப்பாவுக்கு அது புரியவில்லை. தலையாட்டிவிட்டுப் பாயசத்துக்குப் போனார். எனக்குப் புரிய ஆரம்பித்தது. கைகழுவும் சாக்கில் அவள் பின்னால் அடுப்பங்கரைக்குப் போனேன்.

"செல்வி… நீயும் அதுக்குச் சோறு வச்சியா?"

"தினம் நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னால. அப்புறம் ஒவ்வொரு வாட்டியும் நீங்க அடுப்பு மூட்டறதுக்கு முன்னால. கேவுரு கூழு, தயிரு, பூசணிக்கா, பொட்டுக்கடல மாவு. எல்லாம் வூட்ல இருந்ததுதான்."

"அதான் நான் வச்சதத் திங்காம ஏப்பம் விட்டுச்சா?"

"வயிறு ரொம்புனா ஏப்பம் வரும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"நாய்க்கு முட்டை வேணும்னு வந்து நின்னீங்களே, அப்பவே. நாயப் பாத்துக்கினா கேட்டீங்க? என் மூஞ்சியப் பாத்துக்கினு எச்சி முழுங்குனீங்க." பாயசக் கரண்டியை வைத்தாள். "மொளகுப் பொட்டலம் ஸ்டார்ட்டரு மேல இருக்கு. ஈரம் படாம எடுத்து வையிங்க. வூட்ல புரட்டாசி விட்டது நீங்க ஒருத்தருதான். நாய்கூடப் பாதி இருந்துச்சி."

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"மாமாகிட்ட சொல்லட்டுங்களா? நாமம் போட்டுக்கினு சொம்பு தூக்குன ஆளு மோட்டாரு கொட்டாயில ஈரலு தின்னாருன்னு?"

கூடத்திலிருந்து பெரியப்பா, "சங்கரு, பாயசம் ஆறுதுடா" என்று அன்பாகக் கூப்பிட்டார்.

"வேற வழி இல்லியா?"

"இருக்கே. விட்ட மாசத்த அடுத்த மாசத்துல கழிச்சிருங்க."

"ஐப்பசியிலயா? தீபாவளி வருதே! அன்னிக்கு இட்டிலிக்கு ஆட்டுக்கறிக் கொழம்பு…"

"வருது. வைப்பேன்."

"யாருக்கு?"

"வர்றவங்களுக்கு. எலும்பு கடுக்காவுக்கு. உப்பு காரம் இல்லாம தனியா எடுத்து வச்சிருவேன், தீனி ஒங்க பொறுப்புதான, நீங்களே போட்டுருங்க."

கூடத்துக்குப் போய் இலையின் முன் உட்கார்ந்தேன். கடுக்கா மறுபடியும் மடியில் ஏறியது. பாயசத்தில் ஒரு வாய் குடித்தேன். எல்லாக் கோணத்திலும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன்.

இந்த வருடம் ஐப்பசி முழுக்கச் சைவமாக இருப்பது என்று முடிவு செய்தேன்.