சொத்தைப் பல்லுக்கு மூன்று கொட்டேஷன்

கண்டியில் விலை கேட்காமல் எதையும் தொடாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் கொட்டேஷன் அண்ணன்தான். சுடுகாட்டுக்குப் போனாலும் விறகு என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பார் என்று எங்கள் முதலாளியே சொல்வார். நகரத்தில் இரும்புச் சாமான் விற்கும் ஒரு ஹாட்வெயார் கடைக்குச் சரக்கு வாங்குவது அண்ணனின் வேலை. எந்தச் சாமானுக்கும் மூன்று இடத்தில் கொட்டேஷன் என்று விலை எழுதி வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது கடைச் சட்டம். அது அவர் இரத்தத்தில் கலந்துவிட்டது. முடி வெட்டவும் மூன்று சலூன் ஏறி இறங்குவார். "எனக்குப் பாதி வழுக்கைங்க. முழுத் தலைக்காரனுக்குச் சொல்ற வெலையவா எனக்கும் சொல்றீங்க?" என்பார்.

நான் அதே கடையில் பில் போடுகிறவன். குண்டசாலையில் ஒரே போர்டிங் அறையில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் பலாக்கொட்டையைக் கடித்தவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கடைவாய்ப் பல்லில் சொத்தை.

பல்லை அடைக்க, முதலில் பார்த்த பல் டொக்டர் ஒரு விலை சொன்னார். இரண்டாமவர் சொன்னது அதைப்போல் இரண்டு மடங்கு. அன்றிலிருந்து அண்ணனைப் பல்லைவிட அந்த வித்தியாசம்தான் அதிகம் வதைத்தது. "ஓட்டை ஒண்ணுதானே தம்பி, வெலை எப்படி ரெண்டாச்சு?" என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

மூன்றாவது இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர். கதிரையில் சாய்ந்த அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வாயைத் திறவுங்கோ."

"மொதல்ல வெலைய சொல்லுங்க டொக்டர்."

"பல்லைப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

"வெலை தெரியாம எப்படிங்க தொறக்கிறது?"

டொக்டர் அம்மா கையிலிருந்த சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்தார். விரட்டப் போகிறார் என்று நான் கதவைப் பார்த்தேன். அவர் பொறுமையாகவே சொன்னார்.

"பல்லின்ர ஒரு பக்கம் மட்டும் பழுதெண்டால் ஒரு விலை. ரெண்டு பக்கம் எண்டால் மருந்தும் கூட, வேலையும் கூட. பல்லு நிறத்தில வெள்ளையா அடைச்சால் இன்னும் கூட. நரம்பைத் தொட்டிட்டுதெண்டால் சும்மா அடைக்க ஏலாது, வேர் வரைக்கும் துப்பரவாக்க வேணும். அதுக்கு நாலைஞ்சு மடங்கு வரும்."

அண்ணன் வாயைத் திறந்தார். டொக்டர் அம்மா எட்டிப் பார்த்தார். "நரம்புக்குக் கிட்ட வந்திட்டுது. இண்டைக்கே அடைச்சால் சின்னச் செலவோட முடியும்."

"யோசிச்சிட்டு வர்றேங்க."

"நீங்கள் யோசிக்க யோசிக்க உங்கட பல்லு விலையைக் கூட்டும்."

அந்த வாரமே வலி சட்டென்று நின்றது. "பாத்தீங்களா தம்பி, பல்லே எறங்கி வந்துருச்சு" என்று அண்ணன் கைகளைத் தேய்த்துக்கொண்டார். நரம்பு செத்ததால்தான் வலி நின்றது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

பிறகு ஒரு காலை, எழுந்து பார்த்தால் தாடையும் கழுத்தும் ஒன்றாக வீங்கிக் கிடந்தன. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. வாய் ஒரு விரல் நுழையக்கூடத் திறக்கவில்லை. எச்சில் கடைவாயில் வழிந்தது. டொக்டர் அம்மாவின் கிளினிக்குக்குப் போக, மழையில் ஒரு த்ரீவீல் ஆட்டோவைப் பிடித்து அவரை ஏற்றினேன். மகாவலிப் பாலத்தருகே வாகனங்கள் அசையாமல் நின்றன. அவருக்கு மூச்சு கரகரவென்று இழுத்தது. ஏதோ சொல்ல முயன்றார். கடைசி வார்த்தையோ என்று பதறி, காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"டிரைவர்கிட்ட... வாடகை பேசுனீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் அண்ணனின் கழுத்தைத் தொட்டதும் டொக்டர் அம்மாவின் முகம் மாறியது. "இது இஞ்ச பாக்கிற அலுவல் இல்லை. வீக்கம் தொண்டைக்குள்ள இறங்குது. கெதியா ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ" என்றவர், கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் தானும் த்ரீவீலில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நானும் டொக்டர் அம்மாவும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்த பிறகுதான் செய்தி வந்தது: சீழை எடுத்தாயிற்று, பல்லையும் பிடுங்கியாயிற்று, ஆள் தப்பிவிட்டார்.

அவருக்குப் பேச்சு வந்ததும் டொக்டர் அம்மா கட்டிலருகே நின்று கேட்டார். "ஏன் ஐயா, காசு இல்லையெண்டால் சொல்லியிருக்கலாம்தானே?"

"காசு இருந்துச்சுங்க." அண்ணன் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். "ஹுன்னஸ்கிரிய தேயிலத் தோட்டத்துல எங்கம்மாவுக்கு வலிச்ச பல்லையெல்லாம் புடுங்கியே போட்டாங்க. அடைக்கலாம்னு ஒருத்தரும் சொல்லல. அது பெரிய எடத்து சமாச்சாரம், வெலை கேட்டாலே சிரிப்பாங்கன்னு அம்மா கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. அதனாலதான் நான் எங்க போனாலும் கேட்டுருவேன். இந்தத் தடவ, கேக்கறதுலயே நின்னுட்டேன்."

உடம்பு தேறியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலிருந்து ஒரு கூட்டத்தையே அவர் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். ஒவ்வொருவரையும் கதிரையில் உட்காரவைத்து, "ஒரு பக்கம்னா சின்ன வெலை. தள்ளிப்போட்டா கூடிரும். பயப்படாம வாயத் தொறங்க" என்று டொக்டர் அம்மாவை முந்திக்கொண்டு விளக்கினார். "வைத்தியத்தை நான் பாக்கிறன், நீங்கள் வெளியில நில்லுங்கோ" என்று அவரை விரட்ட வேண்டியதாயிற்று.

மாலையில் எல்லாரையும் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பஸ் நகர்ந்ததும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒங்க பல்ல இன்னும் யாரும் பாக்கலியே. வாயத் தொறங்க."

பஸ் நிலையத்தில் அத்தனை பேர் பார்க்க, நான் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தேன்.