சம்பந்தியின் தோளில் ஒரு பொன்னாடை

மேடை இல்லாத இடத்திலும் ஒரு மேடையைக் கண்டுபிடித்துவிடும் வியாதி சிலருக்கு உண்டு. எனக்கு அது முற்றியிருந்த காலத்திலேதான் மகள் தர்ஷினிக்குக் கலியாணம் பேசி வந்தது.

மாப்பிள்ளையின் தந்தை செல்வநாயகம் ஒக்லாந்துவாசி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவராயினும், நியூசிலாந்து றக்பி அணியைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக வழிபடுபவர். எங்களை நேரில் பார்த்த பின்னரே முடிவு சொல்வதாக அறிவித்திருந்தார். இடத்தையும் அவரே தெரிவு செய்தார்: சிட்னியில், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதும் மைதானம்.

அவர் மனத்தைக் கவரும்பொருட்டு அந்த அணியின் சாதனைகளை மனனஞ் செய்தேன். (விதிகளை இல்லை. பந்தைப் பின்னுக்கு எறிஞ்சுகொண்டு முன்னுக்கு ஓடுற விளையாட்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.) சரிகை மின்னும் பொன்னாடை ஒன்றும் வாங்கினேன்.

சிட்னிப் புறநகரான கிரவீனில், எங்கள் வீட்டு வாசலிலேயே தர்ஷினி கெஞ்சினாள். "அப்பா, பிளீஸ், ஸ்பீச் வேண்டாம். அவர் ஓமெண்டு சொன்னாக் காணும்."

"ரெண்டு வசனந்தான் பிள்ளை."

"உங்கட ரெண்டு வசனம் ஊருக்கே தெரியும்," என்றாள் மனைவி.

மைதானத்தில் செல்வநாயகம் கறுப்புச் சட்டையில் கம்பீரமாக வீற்றிருந்தார். ஆட்டம் தொடங்குமுன் எழுந்தேன். "உலகக் கோப்பையை முதன்முதலில் ஏந்திய அணி! அடுத்தடுத்து இருமுறை வென்ற முதல் அணி! ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் பறித்த கோப்பையைப் பல்லாண்டுகளாகத் திருப்பித் தராத அணி! அதன் தலையாய பக்தரே, வருக!" என்று முழங்கிப் பொன்னாடையைப் போர்த்தினேன்.

சுற்றியிருந்தோர் ஆர்ப்பரித்து எழுந்தனர். தமிழ் தெரியாத இச்சனங்களுக்கு இத்தனை ரசனையா என்று நெகிழ்ந்துபோனேன்.

"அண்ணை," செல்வநாயகம் பல்லைக் கடித்தார். "இது என்ன நிறம்?"

"பொன்னிறம்."

"ஆஸ்திரேலியாக்காரன்ர சட்டை என்ன நிறம்?"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். எங்கும் பொன்னிறம். மைதானத்தின் பெருந்திரையிலோ, பொன்னாடை போர்த்த செல்வநாயகம் விசுவரூபமாகத் தெரிந்தார். உடனே அவருடைய கைபேசி அலறியது. ஒக்லாந்து நண்பர். "டேய் செல்வா, எப்ப கட்சி மாறினனி?"

அவர் அதைக் கழற்ற முயன்றார். பின்வரிசையிலிருந்த மலைபோன்ற ஆஸ்திரேலியர் ஒருவர் அன்போடு மீண்டும் போர்த்திவிட்டார். தர்ஷினி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

இடைவேளையில் ஆஸ்திரேலியா முன்னிலை. செல்வநாயகம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சம்பந்தம் முறிந்ததென்றே முடிவு செய்தேன். ஆனால் அதன்பின் கறுப்புச் சட்டையினர் பொங்கியெழுந்து, கடைசி நிமிடத்தில் வென்றனர்.

செல்வநாயகம் பொன்னாடையைக் கவனமாக மடித்துத் தம் பையினுள் வைத்தார்.

"அண்ணை, இதைப் போட்டாப் பிறகுதான் எங்கட பெடியள் வெண்டவங்கள். இது என்னட்டையே இருக்கட்டும்."

"அப்ப... பிள்ளையளின்ர விஷயம்?"

"இப்பிடி ராசியான வீட்டை விடுவனோ? நல்ல நாளாப் பாருங்கோ."

தர்ஷினி அழுதுகொண்டே சிரித்தாள்.

இன்றும் போட்டி நாளில் சம்பந்தியார் அதைப் போர்த்துக்கொண்டே தொலைக்காட்சி முன் அமர்கிறார். ஆஸ்திரேலியா தோற்கும்போதெல்லாம், பொன்னிறச் சட்டையணிந்த பேத்தி என்னிடம்தான் சண்டைக்கு வருகிறாள். "அம்மப்பா, போய் அதைத் திருப்பி வாங்குங்கோ!"

எங்கே வாங்குவது? கோப்பையையே திருப்பித் தராதவர்கள்.